இடது முட்டி

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பத்தொன்பது வயது, ஆறடி மூன்று அங்குலம். வியாசர்பாடியில் ஒருவன் இந்த உயரத்துக்கு வளர்ந்தால் பாஸ்கெட்பால், ஸ்போர்ட்ஸ் கோட்டா, ரயில்வே வேலை என்று ஊரே அவனுக்கு ஒரு வழி போட்டு வைத்துவிடும். இவனோ பைலட் பயிற்சிக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறான். அம்மா நகையை அடகு வைத்து, மாமா ஒருவர் கைகொடுத்து, மிச்சத்துக்கு வங்கிக் கடனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பக்கத்தில் சின்ன விமானம் ஓட்டியவன் என்று அவனுக்குத் தெரிந்தது நான் ஒருவன்தான். என்ன படிக்கணும், மெடிக்கலில் என்ன பார்ப்பார்கள், எத்தனை மணி நேரம் பறக்கணும் என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு, "அண்ணா, ஹைட் ஒண்ணும் பிரச்சன இல்லயே?" என்றான்.

"அதெல்லாம் பழகிடும்டா" என்று சொல்லி, இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஆறடி நான்கு அங்குலம். எனக்கு எதுவும் பழகவில்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் மதியம் ஒரு விமானத்தை ரன்வேயை விட்டு வெளியே இறக்கப் பார்த்தேன். அதை அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை என்பதுதான் இந்த ஒரு மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் வளர்ந்த வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரே ஓர் அறை. ஐந்து பேர். பத்தாவது படிக்கும்போதே நீட்டிப் படுத்தால் கால் பீரோவில் இடிக்கும் என்பதால் மூலைவாட்டில் படுக்கக் கற்றுக்கொண்டேன். அக்காவுக்குக் கல்யாணமாகி மாமாவும் வந்து தங்கும் நாட்களில் மூலைவாட்டும் கிடையாது. முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு விடிய விடிய அப்படியே கிடப்பேன். 29சி பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடிதான் போகணும். பனைமரம், லைட்டுக் கம்பம், ஒட்டகம் என்று பள்ளிக்கூடத்தில் பெயருக்குப் பஞ்சமில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் எதையாவது மடக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்பது எங்கள் வீட்டில் அறிவுரைகூட இல்லை, அது ஒரு நாளைக்கு இருபது தடவை காதில் விழும் சாதாரணப் பேச்சு. இடிக்கிறது என்று சொல்பவன் நோகாமல் நுங்கு தின்ன நினைப்பவன் என்று ஓர் எண்ணம் சின்ன வயதிலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

64 சென்டிமீட்டர்

விமானம் என்றாலே வடசென்னைக்காரர்களான எங்களுக்குத் தெற்கு. மீனம்பாக்கம், பல்லாவரம் எல்லாம் வேறு ஊர் மாதிரி. எங்கள் பக்கத்துக்கு விமானத்தோடு இருந்த ஒரே சொந்தம் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம், பிற்பாடு அதில் மோட்டார் பந்தயம் விட்டார்கள். நைனா வாலிபத்தில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பந்தயம் பார்த்த கதையை இன்றைக்கும் சொல்வார். கதையில் கார்கள் வருவதற்கு முன்னால் அந்தச் சிமெண்ட் தரையில் ஃபைட்டர் விமானங்கள் ஓடியிருக்கும் என்று நான் மனதுக்குள் ஒரு துண்டு சேர்த்துக்கொள்வேன். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் இருபத்தோரு வயதில் விமானப்படைத் தேர்வுக்குப் போனேன்.

எழுத்துத் தேர்வு தேறியது, நேர்முகமும் தேறியது. தட்டியது உடம்பை அளந்த இடத்தில். விமானப்படையில் பைலட்டுக்கு உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். மேல்பக்கமும் கதவு உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. உட்கார்ந்த உயரம் 96 சென்டிமீட்டருக்குள், கால் நீளம் 120-க்குள், தொடை நீளம் 64-க்குள் இருக்க வேண்டும். சுவரில் முதுகை ஒட்ட வைத்து உட்கார்த்தி, முட்டியின் முன்பக்கம் வரைக்கும் அளந்தார்கள். முதல் இரண்டும் எப்படியோ அடங்கின. தொடை 66.5. அளந்தவர் இன்னொரு முறை அளந்தார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், மூச்சை இழுத்தால் தொடை சுருங்கும் என்பதுபோல. மறுபடியும் 66.5.

அப்போது அது அநியாயமாகப் பட்டது. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. ஆபத்தில் இருக்கையோடு சேர்த்து பைலட்டை வெளியே எறியும் ஏற்பாடு ஃபைட்டர் விமானத்தில் இருக்கிறது இல்லையா, அப்படி எறியும்போது முட்டி முன்னால் இருக்கும் பேனலிலோ விளிம்பிலோ அடித்தால் கால் மிஞ்சாது. அவர்கள் என் தொடையைத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்று யோசித்தால், என் உடம்பு ஓர் இடத்துக்குப் பொருந்தாது என்று எனக்கு நேராகச் சொன்ன ஒரே இடம் அதுதான். மற்ற எல்லா இடத்திலும் பார்த்துக்கலாம் என்றார்கள், நானும் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் கப்பல் வேலை. இன்ஜின் ரூமில் தலை இடிக்காத குழாயே கிடையாது, அது வேறு கதை. முப்பத்து நான்கு வயதில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், லீவு மாதங்களில் தனியார் பைலட் உரிமம் எடுப்பது என்று வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். அதற்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். மெடிக்கலில் கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். தொடையை யாரும் அளக்கவில்லை. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

பயிற்சி விமானம் செஸ்னா 152. 1977 முதல் 1985 வரை செய்த வண்டி, இன்னும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டே இருக்கை, பக்கத்தில் பக்கத்தில். உள்ளே அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஷேர் ஆட்டோவில் பின்சீட்டு இதைவிடத் தாராளம். என் இன்ஸ்ட்ரக்டர் கோயம்புத்தூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், ஒல்லி. முதல் நாள் நான் உள்ளே ஏறியதைப் பார்த்து, "குடையை மடிச்சு டப்பாக்குள்ள வெச்ச மாதிரி இருக்குதுங் தம்பி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் காக்பிட்டில் உயரமானவனுக்கு எங்கெங்கே இடிக்கும் என்பது உட்கார்ந்தால்தான் தெரியும். தலை கூரையில் இடிப்பது எல்லோரும் எதிர்பார்ப்பது. ஹெட்செட்டின் மேல்பட்டை கூரையைத் தேய்க்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் காதுக்குள் கரகரவென்று சத்தம். நான் எதிர்பார்க்காதது இறக்கை. 152-க்கு இறக்கை தலைக்கு மேலே. சராசரி உயரக்காரன் பக்கவாட்டில் திரும்பினால் இறக்கைக்குக் கீழே தொடுவானம் தெரியும். நான் திரும்பினால் என் கண்ணுக்கு நேரே இறக்கையின் அடிப்பகுதிதான். ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் கழுத்தை ஆமை மாதிரி கீழே இழுத்து, குனிந்து பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். அப்புறம் பாதம். எனக்கு 12-ஆம் நம்பர் ஷூ. மூக்கை இடமும் வலமும் திருப்பக் காலால் மிதிப்பது ரடர் பெடல். இந்த விமானங்களில் அதன் மேல்பாதியை அழுத்தினால் பிரேக். முட்டி மேலே தூக்கியிருப்பதால் பாதத்தின் நுனி தன்னால் மேல்பாதியில் போய் உட்காரும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டயர் தேய்ந்து வெடிக்கும். அதனால் தடித்த ஷூவை விட்டுவிட்டு, மெல்லிய அடிப்பாகம் உள்ள கான்வாஸ் ஷூவில் பறந்தேன், குதிகால் தரையை விட்டு எழும்பக்கூடாது என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே.

எடைக் கணக்கு இன்னொரு தலைவலி. விமானம் கிளம்பும்போது எல்லாம் சேர்த்து 757 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. எங்கள் வண்டி வெறுமனே ஏறக்குறைய 530. நான் 94, அவர் 70. மிச்சம் 63 கிலோதான் பெட்ரோலுக்கு. டேங்க் முழுக்க நிரப்பினால் தாண்டிவிடும். அவர் ஒல்லியாக இருந்ததால் பிழைத்தோம்.

இருக்கை நகரும் தண்டவாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செஸ்னா இருக்கை இரண்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும், ஓட்டையில் ஊசி விழுந்து பூட்டிக்கொள்ளும். தண்டவாளமோ ஊசியோ தேய்ந்திருந்தால், கிளம்பி மூக்கு மேலே தூக்கும் நேரத்தில் பூட்டு விட்டு இருக்கை சரேலென்று பின்னால் ஓடும். பைலட் கையில் பிடித்திருக்கும் யோக்கையும், அதாவது இரண்டு கொம்பு வைத்த ஸ்டீயரிங் மாதிரி இருப்பதையும், சேர்த்து இழுத்துக்கொண்டு போவார், மூக்கு இன்னும் தூக்கும், இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விமானம் விழும். இப்படி விழுந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்க விமானத் துறை 1987-ல் இந்தத் தண்டவாளங்களை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்று கட்டாய உத்தரவே போட்டது, 2011-ல் அதைப் புதுப்பித்தது. குட்டையானவர்களுக்கு முன் ஓட்டை. எனக்கு எப்போதும் கடைசி ஓட்டை. நைனாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "பூட்டு வுழுந்துச்சான்னு கண்ணால பாக்காத. ஒக்காந்துகினே உடம்ப முன்னயும் பின்னயும் ஆட்டிப் பாரு" என்றார். இன்ஸ்ட்ரக்டரும் அட்சரம் பிசகாமல் அதையேதான் சொல்லியிருந்தார்.

நைனா செய்த மெத்தை

நைனாவுக்கு இருக்கையைப் பற்றித் தெரியும். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அங்கே ரயில் பெட்டியின் கூட்டை ஒரு பக்கம் செய்வார்கள். 1962-ல் தொடங்கிய ஃபர்னிஷிங் பிரிவில் இருக்கை, படுக்கை, விளக்கு, மின்விசிறி எல்லாம் பொருத்துவார்கள். நைனா அந்தப் பிரிவு. ரெக்ஸினை இழுத்து மூலையில் மடிப்பு விழாமல் தைப்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. ரயிலில் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன் இருக்கையின் ஓரத் தையலைத் தடவிப் பார்ப்பார்.

பத்து மணி நேரம் பறந்திருந்தபோது ஒரு வாரம் வீட்டுக்கு வந்தேன். கால் மரத்துப்போகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பலகை ஸ்டூலில் உட்காரவைத்து, விமான இருக்கை எவ்வளவு உயரம் என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி என் காலுக்கடியில் இரண்டு செங்கல்லை வைத்தார். முட்டி மார்பை நோக்கி எழும்பியது. அப்புறம் என் தொடைக்கும் ஸ்டூலுக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்தார். கை தாராளமாகப் போய்வந்தது. "பாத்தியா, தொடை அந்தரத்துல தொங்குது. மொத்த வெயிட்டும் பின்னாடி ரெண்டு எலும்புல ஏறிகினு கீது. மரத்துப் போவாம இன்னா பண்ணும்?" என்றார். எனக்கு ஒரு மருத்துவரிடம் காட்டிய திருப்தி வந்தது.

அன்று சாயங்காலமே பெரம்பூருக்குப் போய் ஃபோம் வாங்கி வந்தார். மெத்தென்று இருந்ததைக் கடையில் அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று, கட்டியானதை எடுத்தார். மெத்தென்று இருப்பது ஒரு வாரத்தில் அமுங்கிவிடும் என்பது அவர் காரணம். மெத்தென்ற ஃபோம் விமானத்தில் ஆபத்தும்கூட என்று நான் பிற்பாடு படித்தேன். விமானம் தரையில் மோதினால் உடம்பு முதலில் ஃபோமை நசுக்கிக்கொண்டு கீழே போய், அடியில் இருக்கும் சட்டத்தில் வேகமாக இடிக்கும், முதுகெலும்பு அந்த அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். நைனா ரயிலுக்கு யோசித்தது விமானத்துக்கும் பொருந்திவிட்டது. பின்பக்கம் ஒன்றுமில்லாமல் தொடங்கி, முன்பக்கம் இரண்டு அங்குலம் எழும்பும் சாய்வாக வெட்டி, பச்சை ரெக்ஸினில் தைத்து, நழுவாமல் இருக்க அடியில் வெல்க்ரோ வைத்துக் கொடுத்தார். ஓரத் தையல் நூல் பிடித்தமாதிரி இருந்தது.

மெத்தை வேலை செய்தது. அதுதான் இந்தக் கதையில் வம்பு. கால் மரப்பது நின்றது, முதுகுவலி பாதியாகக் குறைந்தது. இறங்கியதும் நொண்டாமல் நடந்தேன். இன்ஸ்ட்ரக்டர் மெத்தையை இழுத்துப் பார்த்து, "நழுவாதுல்லங்? அப்பச் சரிங்" என்றார். கிளம்பும் முன் யோக்கை முழுக்க இடப்பக்கம், முழுக்க வலப்பக்கம், முன்னே, பின்னே என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். நான் தினமும் பார்த்தேன். முட்டியைக் கொஞ்சம் வெளியே அகட்டிக்கொண்டால் இடிக்காமல் போய்வந்தது. கொஞ்சம் அகட்டிக்கொள்வதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா?

பதினெட்டாவது மணி நேரத்தில், ஒரு மதியம், இடப்பக்கமிருந்து பக்கக்காற்று. ஒன்பது பத்து நாட் வேகம் இருக்கும். 152-க்கு 12 நாட் வரை பக்கக்காற்றில் இறக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்று கையேட்டில் இருக்கிறது, ஆக வண்டிக்கு இது அதிகமில்லை. பக்கக்காற்றில் இறங்கும்போது கடைசி நேரத்தில் யோக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி, அந்தப் பக்க இறக்கையைத் தாழ்த்த வேண்டும். கூடவே எதிர்க்கால் ரடரை மிதித்து மூக்கை ரன்வேக்கு நேராக வைக்க வேண்டும். இடப்பக்கக் காற்று என்றால் கை இடது, கால் வலது. கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்பதால் எல்லா மாணவர்களுக்கும் முதலில் குழப்பம் வரும். எனக்குக் குழப்பம் வரவில்லை. சரியாகத்தான் செய்தேன். யோக்கை இடது பக்கம் திருப்பினேன், வலது காலை மிதித்தேன், மூக்கு நேராக வந்தது. ஆனால் விமானம் ரன்வேயின் நடுக்கோட்டை விட்டு வலப்பக்கம் மெதுவாக நகர ஆரம்பித்தது. இன்னும் திருப்பினேன். யோக் நகரவில்லை. முழுக்கத் திருப்பியாகிவிட்டது, அதற்குமேல் இல்லை என்று நினைத்தேன். கோடு இடது பக்கம் விலகிக்கொண்டே போனது, புல் தெரிந்தது.

"மை கண்ட்ரோல்" என்று இன்ஸ்ட்ரக்டரின் சத்தம் வந்தது, விமானத்தை அவர் கையில் வாங்கிக்கொண்டார். த்ராட்டில் முழுக்க உள்ளே போனது. விமானம் முனகிக்கொண்டே மேலே ஏறியது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. இன்ஜின் சத்தத்துக்கு நடுவே ஹெட்செட்டில் அவர் மூச்சு கேட்டது. அப்புறம் நிதானமாக, "முட்டி இடிச்சுதுங்ளா தம்பி?" என்றார்.

"இல்ல சார், பரவாயில்ல" என்றேன்.

அந்த பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிட்டால் வரும் பதில் அது. அறைக்கு வந்து குளிக்கும்போது பார்த்தேன், இடது முட்டிக்கு இரண்டு அங்குலம் மேலே, தொடையில், யோக்கின் கொம்பு அழுத்திய வடிவத்தில் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. முழுக்கத் திருப்பியாகிவிட்டது என்று நான் நினைத்த இடத்தில் யோக்கைத் தடுத்து நிறுத்தியது என் கால்.

மறுநாள் காலையில் அவரே என்னைக் கூப்பிட்டு, நின்றுகொண்டிருந்த விமானத்தில் உட்காரச் சொன்னார். தரையில் நிற்கும்போது ரடர் பெடல் மூக்குச் சக்கரத்தோடு பிணைந்திருப்பதால் முழுக்க மிதிக்க வராது. அதனால் ஒரு மெக்கானிக்கைப் பின்னால் நிறுத்தி வாலை அமுக்கச் சொன்னார். மூக்கு எழும்பி, முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது. "இப்ப வலது ரடர் முழுசா மிதிங். யோக்க இடது பக்கம் திருப்புங்." வலது காலை மிதித்தேன். வலது பெடல் முன்னே போக, இடது பெடல் பின்னே வந்தது. வந்த பெடல் என் இடது பாதத்தைத் தள்ள, இடது முட்டி இன்னும் மேலே எழும்பியது. யோக்கின் இடது கொம்பு கீழே இறங்க வேண்டிய அதே இடத்துக்கு வந்து நின்றது. பாதித் திருப்பத்தில் டக்கென்று நின்றுவிட்டது. மெத்தையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தோம். முக்கால் திருப்பம் வந்தது. முழுக்க வரவே இல்லை. நான் தினமும் ஆட்டிப் பார்த்தபோது கால் இரண்டும் சமமாக, சும்மா இருந்தன. காற்று அடிக்கிற நேரத்தில் மட்டும் எழும்பும் முட்டியை, காற்றில்லாத இடத்தில் நின்று சோதித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வண்டி உங்களுக்கு ஆகாதுங்" என்றார். அப்புறம் கொஞ்சம் கோபமாகவே, "மொத நாளே சொல்லிருக்கலாமல்லங்?" என்றார். என்ன பதில் சொல்வது? கேட்கலாம் என்றே தெரியாது சார் என்று சொல்ல முடியுமா, முப்பத்து நான்கு வயதில்?

கால் ஆடற வண்டி

மிச்ச மணி நேரத்தை செஸ்னா 172-ல் பறந்து முடித்தேன். நான்கு இருக்கை, மணிக்கு வாடகை கூடுதல். அந்தக் கூடுதல் எனக்கு அப்போது பகட்டாகத் தெரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வசதிக்காகக் காசு செலவழிக்கிறேன் என்று ஒரு குற்ற உணர்வு. யோக் முழுக்கத் திரும்புவது எந்தக் கணக்கில் வசதியில் சேர்ந்தது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். பிரேக் முழுக்கப் பிடிக்காத லாரியை, டிரைவருக்கு வசதிக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. இருக்கை, முட்டி, உயரம் என்று பேச்சு வந்தால் மட்டும் ஏனோ அது சொகுசுப் பேச்சாக மாறிவிடுகிறது.

172-ன் கையேட்டில் எடையும் சமநிலையும் பற்றிய படத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. முன்னிருக்கையில் இருப்பவரின் எடை, தூரம் அளக்கத் தொடங்கும் கோட்டிலிருந்து 37 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 34 முதல் 46 என்று போட்டிருப்பார்கள். 37 என்பது சராசரி ஆளுக்காக இருக்கையை வைத்த இடம், அடைப்புக்குறிக்குள் இருப்பது எல்லைகள். நான் எப்போதும் அந்த அடைப்புக்குறிக்குள் வசிப்பவன். கடைசி ஓட்டையில் உட்காரும் என்னை 37 என்று எழுதினால் காகிதத்தில் விமானம் சமமாக இருக்கும், வானத்தில் கொஞ்சம் பின்பாரமாக இருக்கும். அதற்கப்புறம் என் இடத்தை டேப் வைத்து அளந்து எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த இளம் மாணவர்கள் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நண்பரோடு டயமண்ட் டி.ஏ.40 என்ற விமானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் இருக்கை நகரவே நகராது. தண்டவாளமும் கிடையாது ஓட்டையும் கிடையாது. கைப்பிடியை இழுத்தால் ரடர் பெடல்கள் முன்னும் பின்னும் வரும். முதலில் எனக்குப் புரியவில்லை, இருக்கையைப் பின்னால் தள்ள அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். நண்பர் பெடலைத் தள்ளிவிட்டார், அது போனது, போய்க்கொண்டே இருந்தது. என் கால் நீண்டது. முட்டி கீழே இறங்கியது. முன்னால் யோக் இல்லை, இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு குச்சிதான், அதை இடது பக்கம் முழுக்கச் சாய்த்தாலும் தொடையில் இடிப்பதற்கு முன்னாலேயே போய் நின்றது. தலைக்கு மேலே இறக்கையும் இல்லை, கண்ணாடி மூடிதான். என்னைப் போன்றவர்களுக்காக யாரோ இரக்கப்பட்டுச் செய்தார்கள் என்று நினைத்தேன். விசாரித்தால் அப்படி ஒன்றுமில்லை. 1980-களின் கடைசியில் சின்ன விமான இருக்கைகளுக்குப் புதிய மோதல் சோதனை வந்தது. முன்பக்கமாக ஈர்ப்பு விசையைப்போல 26 மடங்கு அடியைத் தாங்க வேண்டும். அதைத் தாங்க இருக்கையைச் சட்டத்தோடு சேர்த்துவிடுவது சுலபம். இருக்கை நகராது என்றால் பெடல்தான் நகர்ந்தாக வேண்டும். விபத்தில் முதுகெலும்பு உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டில் என் முட்டிக்கு இடம் கிடைத்தது.

நைனாவிடம் அந்த மெத்தைக் கதையை ரொம்ப நாள் சொல்லவில்லை. அவர் மனசு சங்கடப்படும் என்று. போன தீபாவளிக்கு அவரே, "மெத்த இன்னா ஆச்சு?" என்று கேட்க, சொல்லிவிட்டேன். பெடல், முட்டி, கொம்பு எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவர் சங்கடப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "கால் ஆடற வண்டின்னு நீ சொல்லவே இல்லியேடா" என்றார். "ரயில்ல ஒக்காந்தா ஒக்காந்ததுதான். நான் ஒக்கார்ற ஆளுக்குத்தான் தெச்சேன். ஓட்டற ஆளுக்குன்னா மொதல்ல கால ஆட்டிக் காட்டச் சொல்லியிருப்பேனே." இருக்கை உயரம், ஆழம், பெடல் வரைக்கும் தூரம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். பெடல் ஆடும் என்று மட்டும் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனை வீட்டுக்கு வரச் சொன்னேன். டீக்கடையில் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முழுக்கதையும் கேட்டான். கன்றிய தொடை வரைக்கும் ஆர்வமாகக் கேட்டவன் முகம், பணம் கட்டும் முன்னால் அங்கே போய் எந்த வண்டி என்று பார்த்து உட்கார்ந்து பார், யாரையாவது வாலை அமுக்கச் சொல்லிக் கேள் என்றதும் மாறிவிட்டது. "கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டாங்களா அண்ணா?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிவயிற்றில் என்னவோவும் செய்தது.

நைனா அதற்குள் பழைய ஸ்டூலையும் இரண்டு செங்கல்லையும் எடுத்து வந்துவிட்டார். சுவரோரமாக அவனை உட்காரவைத்து, முதுகை ஒட்டச் சொல்லி, டேப்பை முட்டி வரைக்கும் இழுத்தார். "இருவத்தாறே கால்" என்று எனக்குச் சொன்னார். என் அளவுக்கு ஒரு நூல் கூட. அப்புறம் வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டை அவன் கையில் கொடுத்து, யோக் மாதிரி மார்புக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். செங்கல்லில் இருந்த இடது பாதத்தைத் தன் கையால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினார். முட்டி எழும்பியது. "இப்பத் திருப்பு" என்றார். பையன் தட்டை இடது பக்கம் திருப்பினான். விளிம்பு தொடையில் தட்டி நின்றது.

"எங்க இடிக்குது, சொல்லு."

"இல்ல தாத்தா, பரவால்ல."

நைனா டேப்பைச் சுருட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "பரவால்லன்னா எந்த எடத்துல?" என்றார்.